பெல்ட் மாற்றியும் சத்தம் போகலையா?

மழை பிடித்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி கார் இன்ஜினில் ஓடும் பெல்ட் பற்றியதாகிவிடுகிறது. அதிலும் பத்துப் பதினைந்து வருஷத்தைத் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்ததால் ஒவ்வொரு வகையிலும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னுடையது 2005 மாடல் மாருதி 800. காலையில் ஸ்டார்ட் செய்ததும் தெருவையே எழுப்புகிற மாதிரி 'கிரீச்' என்று சத்தம், ரெண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். மழை நாளில் இன்னும் மோசம். பெல்ட்டை மாற்றினேன், மூன்று மாதத்தில் மறுபடி அதே கதை. கம்பெனி பெல்ட்தான் போட்டேன், ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பெல்ட்டைத் திட்டுவதற்கு முன்னால், அந்தச் சத்தம் ஏன் ஸ்டார்ட் செய்த கையோடு மட்டும் வருகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து ஒரு பெரிய வாய் கரன்ட்டை இழுத்திருக்கிறது. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதைத் திருப்பி நிரப்ப ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் வேலை செய்யும், அப்போதுதான் அதைச் சுற்றுவது கஷ்டம், பெல்ட்டின் மேல் பாரம் அதிகம். கொஞ்சம் லூஸாக இருந்தாலும் புல்லியில் வழுக்கிவிடும், வழுக்கினால் கத்தும். பேட்டரி நிரம்பி, ரப்பரும் சூடாகிப் பிடிப்பு வந்ததும் சத்தம் அடங்கிவிடும். மழை ஈரத்தில் பிடிப்பு இன்னும் குறைவு, அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் திரும்பி வந்ததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். புது பெல்ட் ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் நீளும், புல்லிப் பள்ளத்தில் நன்றாக உட்காரும், அதனால் முதலில் வைத்த டைட் குறைந்துவிடும். 200, 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி டைட் வைக்க வேண்டும். இதற்காக வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிற பட்டறைகள் குறைவு, சொன்னாலும் போகிற ஆட்கள் அதைவிடக் குறைவு. தானாக டைட் வைத்துக்கொள்ளும் ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள வண்டிகளில் இந்த வேலை கிடையாது. உங்கள் வண்டியில் அது இல்லை.

டைட் சரியாக இருந்தும் கத்தினால் புல்லியைப் பாருங்கள். ஒற்றை வி பெல்ட்டுக்குப் பிடிப்பு கிடைப்பது பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவர்களில்தான், அடியில் அது தொடவே கூடாது. டார்ச் அடித்துப் பாருங்கள், பள்ளத்தின் அடிப்பாகம் பளபளவென்று மின்னினால் பெல்ட் கீழே இறங்கி அடியில் உரசுகிறது என்று அர்த்தம். பெல்ட் தேய்ந்திருந்தால் புதுசு போட்டதும் சரியாகிவிடும், புல்லியின் சுவர் தேய்ந்திருந்தால் எத்தனை பெல்ட் மாற்றினாலும் போகாது. அப்புறம், மேலே வால்வு கவர் கேஸ்கட்டிலிருந்து ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துவிடும். கசிவை அடைக்காமல் புது பெல்ட் போடுவது வீண் செலவு.

எளிய சோதனை ஒன்று. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது தள்ளி நின்று புல்லியைத் தொடும் உள்பக்கத்தில், வரி பெல்ட் என்றால் வரியுள்ள பக்கத்தில், வெறும் தண்ணீரைக் கொஞ்சம் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் டைட் போதவில்லை. சட்டென்று நின்று, சில நொடியில் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது. வேட்டி, துப்பட்டா, கழுத்துச் செயின் எதுவும் தொங்கக் கூடாது, இதில் விளையாட்டு வேண்டாம்.

பெல்ட்டுக்கென்று விற்கும் ஸ்ப்ரே, சோப்பு, மெழுகுவர்த்தி? நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். சத்தம் அன்றைக்கு அடங்கும், தூசியை வாரி ஒட்டிக்கொண்டு அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கத்தும். வேண்டாம்.

கேள்வி: கடையில் கேட்டால் "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். பழைய பெல்ட்டில் 4பிகே என்று தொடங்கி ஏதோ அழிந்துபோய் இருக்கிறது. பக்கத்து அளவு போட்டால் என்ன ஆகும்?
— வாசகர், திருச்சி

பதில்: 4 என்றால் நான்கு வரி, அதாவது பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் மேடுகள். பிகே என்பது வரியின் அளவைக் குறிப்பது, ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 3.56 மில்லிமீட்டர். அதற்குப் பின்னால் வரும் மூன்று அல்லது நான்கு இலக்க எண் மில்லிமீட்டரில் நீளம். ஒற்றை வி பெல்ட் என்றால் ஏவி10 என்று இருக்கும், மேல் அகலம் 10 மில்லிமீட்டர், அடுத்து நீளம். இவ்வளவுதான் ரகசியம். வரியை எண்ணிவிடலாம். அழிந்துபோனது நீளம் மட்டும்தான் என்றால், வண்டியின் மாடலும் வருஷமும் ஏசி உண்டா இல்லையா என்பதும் சொன்னால் கடைக்காரர் கேட்டலாக்கில் பார்த்துச் சொல்லிவிடுவார். ஏசி இருக்கிறதா என்பது முக்கியம், ஒரே வண்டிக்கே அதை வைத்து அளவு மாறும்.

சில மில்லிமீட்டர் கூடினால் மாட்டத்தான் செய்யும். ஆனால் ஆல்டர்னேட்டர் நகர்கிற அந்த நீள ஓட்டையின் கடைசிக்கே போல்ட் போய் நின்றுவிட்டால், பெல்ட் நீண்ட பிறகு மறுபடி டைட் வைக்க இடமே இருக்காது. குட்டையானதை நெம்பி ஏற்றினால் உள்ளே ஓடும் நூல் அறும், வெளியே தெரியாது, ஒரு மாதம் கழித்து வழியில் தெரியும். வரி எண்ணிக்கை மாறவே கூடாது. நான்கு வரிப் புல்லியில் ஐந்து வரி போட்டால் வெளியே தொங்குகிற ஐந்தாவது வரி நாராகக் கிழிந்து மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

பிராண்ட் என்று பார்த்தால் கேட்ஸ், காண்டிடெக், மதுரை கோச்சடையில் இருக்கும் ஃபென்னர், இல்லையென்றால் வண்டிக் கம்பெனியின் பெட்டியிலேயே வருவது, இதில் எது என்றாலும் சரி. சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், இன்ஜினே வாங்கலாம். ரப்பர் மட்டும் பழசு வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய சின்ன காரில் ஆல்டர்னேட்டர் பெல்ட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா? ஸ்பேனர் செட் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது.
— வாசகர், சேலம்

பதில்: பொறுமை இருந்தால் முடியும். டென்ஷனர் இல்லாமல், ஆல்டர்னேட்டரையே நகர்த்தி டைட் வைக்கிற பழைய வகை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 12, 14 ஸ்பேனர், ஒரு நீளமான நெம்புகோல், டார்ச் போதும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சூட்டுக்குத் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், விரல் அங்கே இருந்தால் அது பார்த்துச் சுற்றாது. பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றிப் போகிறது என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பானட்டுக்கு அடியில் படம் ஒட்டியிருப்பார்கள், பழைய வண்டியில் அது எப்போதோ உரிந்து போயிருக்கும். ஏசி பெல்ட் வெளியே இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும், அதையும் அன்றைக்கே புதுசாக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆல்டர்னேட்டருக்கு இரண்டு போல்ட்: அது ஆடுவதற்கு அச்சாக இருக்கும் நீள போல்ட் ஒன்று, நீள ஓட்டையில் நகரும் போல்ட் இன்னொன்று. நகர்கிறதை மட்டும் லூஸ் செய்துவிட்டு "வரமாட்டேங்குதே" என்று நெம்புகிறவர்கள்தான் அலுமினியக் காதை, அதாவது போல்ட் போகும் பகுதியை, உடைக்கிறார்கள். இரண்டையும் லூஸ் செய்யுங்கள், கழற்ற வேண்டியதில்லை. உள்பக்கம் தள்ளினால் பெல்ட் தளர்ந்து கையோடு வந்துவிடும். துருப்பிடித்த போல்ட் என்றால் முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

பெல்ட் கழன்றிருக்கும் இந்த ஐந்து நிமிஷம்தான் இந்த வேலையிலேயே மதிப்பான நேரம், இதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் வழுவழுவென்று சுற்ற வேண்டும். மணல் போட்ட மாதிரி நறநறத்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது, பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டையைச் சுற்றி கூலன்ட் காய்ந்த கறை இருக்கக் கூடாது. கிராங்க் புல்லி, அதாவது இன்ஜின் சுற்றுகிற தண்டின் முனையில் இருப்பது, சில வண்டிகளில் இரண்டு இரும்பு வளையம், நடுவில் ரப்பர் என்று இருக்கும். அந்த ரப்பர் விட்டுவிட்டால் வெளி வளையம் தனியாக நகரும், பெல்ட் ஓரமாக நடக்க ஆரம்பிக்கும். சந்தேகமாக இருந்தால் இரண்டு வளையத்தின் மேலும் சேர்த்து பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள், கோடு விலகியிருந்தால் புல்லி காலி. பெல்ட் அடிக்கடி அறுகிற வண்டியில் காரணம் பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில் ஒன்றில்தான் இருக்கும்.

புது பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்ற வேண்டாம், கையால் போடுங்கள். வரி உள்ள பெல்ட் என்றால் எல்லா வரியும் எல்லாப் புல்லியிலும் சரியான பள்ளத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒரு வரி தள்ளி உட்காருவதுதான் வீட்டு வேலையில் அதிகம் நடக்கிற தப்பு. நெம்புகோலை ஆல்டர்னேட்டரின் முன்பக்க உடம்பில் கொடுத்து மெதுவாக வெளியே தள்ளி, நகரும் போல்ட்டை முதலில் டைட் செய்யுங்கள், அச்சு போல்ட் அப்புறம். நீளமான இடைவெளியின் நடுவில் பெருவிரலால் பலமாக, அதாவது ஏறத்தாழ 10 கிலோ பாரத்துக்கு அழுத்தினால் பெல்ட் 10 மில்லிமீட்டருக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. உங்கள் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. கம்பி மாதிரி விறைக்க வைத்தால் சத்தம் வராதே என்று நினைக்காதீர்கள், பாரம் முழுக்க ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகளில் இறங்கும். பெல்ட் சில நூறு ரூபாய், வாட்டர் பம்ப் அப்படியில்லை.

பத்து நிமிஷம் ஓட்டி, அணைத்து, மறுபடி அழுத்திப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து பேட்டரி முனையில் வைத்துப் பாருங்கள். சாதாரண வண்டிகளில் 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் பெல்ட் வழுக்கவில்லை.

கேள்வி: 2008 சான்ட்ரோ ஜிங், 62,000 கி.மீ. தான் ஓடியிருக்கிறது. ஏசி பெல்ட் மாற்றப் போனால் டைமிங் பெல்ட்டையும் சேர்த்து மாற்றலாம் என்கிறார் மெக்கானிக். பணம் பிடுங்கப் பார்க்கிறாரா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வெளியே தெரிகிற பெல்ட்டுகள் ஆல்டர்னேட்டர், ஏசி, பவர் ஸ்டீயரிங் எல்லாவற்றையும் சுற்றுபவை, அறுந்தாலும் உடனே ஓரம் கட்டினால் பெரும்பாலும் இன்ஜின் தப்பிக்கும். டைமிங் பெல்ட் பிளாஸ்டிக் மூடிக்குள்ளே இருக்கிற பல் வைத்த பெல்ட். கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து, பிஸ்டன் மேலே வரும்போது வால்வு மூடியிருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்வது அதுதான். அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய்த் திறந்திருக்கும் வால்வில் இடிக்கும், வால்வு வளையும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். அது கத்தி எச்சரிக்கவும் செய்யாது.

கிலோமீட்டர் கம்மி என்பது ஆறுதல் இல்லை. ரப்பருக்கு வயசும் ஒரு கணக்கு. 2008-லிருந்து மாற்றியதற்கு பில் எதுவும் இல்லையென்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். டைமிங் மூடியைத் திறக்க எப்படியும் வெளி பெல்ட்டுகளைக் கழற்றியாக வேண்டும், கூலி ஒன்றுதான். கூடவே டென்ஷனரையும் மாற்றச் சொல்லுங்கள். கிராங்க், கேம் பக்கத்து ஆயில் சீல் கசிந்தால் அதையும். வாட்டர் பம்பில் சந்தேகம் இருந்தால் அதற்கும் இதுதான் நேரம்.

இதை வீட்டில் செய்யாதீர்கள். ஒரு பல் தள்ளிப் போனாலும் வண்டி இழுக்காது, பல பல் தள்ளினால் மேலே சொன்ன சேதம்தான். மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் பார்க்கப் போட்டிருக்கும் குறிகள் திரும்பச் சேர்கின்றனவா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் நீங்கள் சொல்லாமலே செய்வார். மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதி மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள்.

எல்லா வண்டிக்கும் இது கிடையாது. பழைய அம்பாசிடர் பெட்ரோல், பத்மினி, 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் டீசல் இவற்றுக்கெல்லாம் உள்ளே செயின். அதற்கு இந்த மாதிரி பெல்ட் கணக்கு இல்லை.

கேள்வி: எங்கள் பழைய டீசல் வண்டியில் கொல்லிமலை இறங்கும்போது பேட்டரி லைட் எரிந்தது. கொஞ்ச தூரத்தில் பிரேக் கல்லு மாதிரி ஆகிவிட்டது. ஓரம் கட்டிப் பார்த்தால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கிறது. பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், நாமக்கல்

பதில்: நல்லபடியாக இறங்கி வந்தீர்களே, அதுவே போதும்.

பிரேக்கை லேசாக மிதித்தால் பிடிக்கிறது என்றால் அதற்கு வெற்றிடத்தின் இழுப்பால் மிதிக்கு உதவும் வேக்குவம் பூஸ்டர்தான் காரணம். பெட்ரோல் வண்டியில் அந்த வேக்குவம் இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயிலிருந்து கிடைத்துவிடும். டீசலில் அப்படிக் கிடைக்காது, தனியாக ஒரு பம்ப் வேண்டும். பல பழைய டீசல் வண்டிகளில் அந்தப் பம்பை ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே மாட்டியிருப்பார்கள். பெல்ட் அறுந்தால் ஆல்டர்னேட்டர் நிற்கும், கூடவே வேக்குவமும் போகும். பூஸ்டரில் தேங்கியிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பிரேக் வேலை செய்யாமல் போகவில்லை, உங்கள் கால் பலம் மட்டும்தான் அதற்கு மேல் மிச்சம்.

அந்த மாதிரி நேரத்தில் விட்டு விட்டு மிதிக்கவே கூடாது, ஒவ்வொரு மிதியும் மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தின்றுவிடும். கீழ் கியருக்கு இறக்கி, ஒரே அழுத்தாக, பலமாக, சீராக மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துங்கள். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் பேட்டரி லைட் எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே இல்லை. டீசல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பானட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று பிரேக் பூஸ்டருக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால், மலை ஏறுகிற சீசனுக்கு முன்னால் அந்த பெல்ட்டைப் பார்த்துவிடுங்கள், சந்தேகம் என்றால் புதுசு.

கேள்வி: அப்பாவின் அம்பாசிடர் பெட்ரோல் கார் ஷெட்டில் நிற்கிறது, மாதம் ஒருமுறை எடுப்போம். ஃபேன் பெல்ட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. மாற்ற வேண்டுமா?
— வாசகர், சென்னை

பதில்: பழைய காலத்து நியோபிரீன் ரப்பர் பெல்ட் என்றால் வயசானதும் குறுக்கே வெடிக்கும், மூன்று அங்குலத்துக்குள் மூன்று வெடிப்பு கண்டால் மாற்றிவிடு என்பார்கள். இப்போது வரும் பல பெல்ட்டுகள் இபிடிஎம் ரப்பர். அது லேசில் வெடிக்காது, டயர் தேய்கிற மாதிரி சத்தமில்லாமல் தேயும். அதனால் வெடிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பெல்ட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஓரத்தில் நூல் பிரிவது, புல்லியின் விளிம்புக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருப்பது, இதில் எது இருந்தாலும் மாற்றுங்கள். நிற்கிற வண்டியில் புல்லி துருப்பிடிக்கும், அந்தத் துரு அரம் வைத்த கணக்காகப் புது பெல்ட்டைத் தின்னும். எமரி தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள். எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஷெட்டு வண்டிக்கு அது ஒரு தனிக் கணக்கு.

அந்த இன்ஜினில் ஃபேன் வாட்டர் பம்பிலேயே மாட்டியிருக்கும், பம்ப், ஃபேன், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் மூன்றுக்கும் ஒரே பெல்ட். அறுந்தால் மூன்றும் ஒன்றாக நிற்கும். ரேடியேட்டரைக் கழற்றாமல் மாற்றுவதற்கு, பெல்ட்டைத் தளர்த்தி ஃபேன் இறக்கை ஒவ்வொன்றின் மேலாக, ஃபேனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வெளியே எடுங்கள். புதுசு அதே வழியில் உள்ளே போகும்.

கேள்வி: நடுவழியில் அறுந்தால்? நைலான் கயிறு, துப்பட்டா கட்டி ஓட்டலாம் என்கிறார்களே?
— வாசகி, புதுக்கோட்டை

பதில்: ஒற்றை வி பெல்ட், இரண்டு புல்லி, மெதுவாகக் கொஞ்ச தூரம் என்றால் கயிறு சில சமயம் தாக்குப்பிடிக்கும். வரி பெல்ட்டில் நடக்காது, முடிச்சு அவிழ்ந்து எங்காவது சுற்றிக்கொண்டால் இன்னொரு செலவு.

முதலில் அந்த பெல்ட் வாட்டர் பம்பைச் சுற்றுகிறதா என்று தெரிந்து வைத்திருங்கள். சுற்றுகிறது என்றால் உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஹீட் ஏறி ஹெட் கேஸ்கட் போகும். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பம்ப் அதில் இல்லை, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சரியாக இருக்கிறது என்றால், பகல் நேரத்தில் ஏசி, பாட்டு எல்லாம் அணைத்துவிட்டு பேட்டரி தாங்கும் வரை பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடலாம். நடுவில் இன்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்று நம்ப வேண்டாம்.

பெல்ட் மாற்றும்போது பழசு சுமாராக இருந்தால் டிக்கியில் போட்டு வையுங்கள். அறுந்ததையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் கேட்கிற நம்பர் அதில்தான் இருக்கிறது.